மாமிக்கு மூன்று மீசை

மாமியின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், அது என்னுடைய பெயர்தான் என்று இன்னும் இரண்டு பேர் கிளம்பி வருவார்கள். அதில் ஒருவர் மேலுலகத்திலிருந்து வரவேண்டும். வருவார், அவர் அப்படிப்பட்ட ஆள். ஆகவே மாமி என்றே வைத்துக்கொள்வோம்.

எண்பதுகளின் பின்பாதியில் லண்டனில் எழுத்துக்கூட்டித் தமிழ் வாசித்த பிள்ளைகளுக்கு அந்த மாமியைத் தெரியாமல் இருக்க நியாயமில்லை. மாதம் ஒருமுறை வந்த ஒரு தமிழ்ப் பத்திரிகையின் கடைசிப் பக்கங்களில் மாமி ஒரு துப்பறியும் தொடர்கதை எழுதினா. இரண்டு பெடியன்கள், ஒரு பெட்டை, ஒரு கிளி. இவர்கள் கள்ளனைப் பிடிப்பார்கள். கதைக்கு மேலே கொண்டை போட்டு, மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்ணின் படம். ஆசிரியரின் மைத்துனர் கீறியது. அவருக்கு ஒழுங்காகக் கீற வந்த ஒரே முகம் ஆசிரியருடையது என்பதால், மாமி பார்க்கக் கொண்டை வைத்த ஆசிரியர் மாதிரியே இருப்பா. சனம் அதையும் நம்பியது.

அந்த மாமியில் மூன்றில் ஒரு பங்கு நான்.

ஆசிரியரைப் பற்றி மரியாதையாக எழுத எனக்கும் ஆசைதான். வசதிப்படவில்லை. தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் அவருடைய வீட்டு முன்னறைதான் பத்திரிகை அலுவலகம். தமிழில் அச்சடிக்க வழியில்லாத காலம். அவருடைய மனிசி முழுப் பத்திரிகையையும் தன் உருண்டைக் கையெழுத்தில் பிரதி பண்ணுவா. அதைப் போட்டோக்கொப்பி எடுத்து, மடித்து, நடுவில் கம்பி குத்தினால் பத்திரிகை. ஆசிரியர் என்ன செய்தார் என்று கேட்கக் கூடாது. அவர் ஆசிரியராக இருந்தார். அதற்கே அவருக்கு நேரம் போதவில்லை.

இந்த மனிதர் ஒருநாள் நூலகத்துக்குப் போய்வந்தார். அவர் நூலகத்துக்குப் போய்வந்தால் எங்களில் ஒருவனுக்கு வேலை வரும் என்று அர்த்தம். இந்த முறை மூன்று பேருக்கு வந்தது. அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிள்ளைகள் விழுந்து விழுந்து வாசித்த தொடர்கதைகள் சிலவற்றை எழுதியவர் என்று ஒரு ஆளே இருக்கவில்லையாம். ஒரு கொம்பனி ஒரு பெயரைச் செய்து வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே ஆளை மாற்றி மாற்றி எழுதுவித்ததாம். பிள்ளைகள் வளர்ந்து, அவர்களுடைய பிள்ளைகளும் அதே பெயருக்கு அன்போடு கடிதம் எழுதினார்களாம். யாராவது இதைக் கேட்டால் 'என்ன ஏமாற்று வேலை' என்று சொல்வார்கள். எங்கள் ஆசிரியருக்கு அது ஞானோபதேசமாகத் தெரிந்தது.

"எழுதுறவன் கோவிப்பான், வருத்தம் வந்து படுப்பான், கனடாவுக்குப் போவான்," என்றார். "பேர் ஒரு இடமும் போகாது."

கனடா விஷயத்தில் அவர் சொன்னது சரிதான். அதற்கு முன்னர் சிறுவர் பக்கம் எழுதியவர் ஒருவருக்கும் சொல்லாமல் டொரொண்டோ போய்ச் சேர்ந்திருந்தார். போகும்போது தன் கதையில் இரண்டு பிள்ளைகளைக் கிணற்றுக்குள் இறக்கி, 'தொடரும்' போட்டுவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைகள் இன்றைக்கும் கிணற்றுக்குள்தான் இருக்கிறார்கள்.

இப்படித்தான் மாமி பிறந்தா. முதல் பங்கு, ஊரில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்று, மகனோடு வந்து தங்கியிருந்த மாஸ்டர். இரண்டாவது, பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் அடித்துக்கொண்டிருந்த தாடிக்காரத் தம்பி. உலகத்தில் உள்ள கெடுதிக்கெல்லாம் கடை முதலாளிகள்தான் காரணம் என்ற கொள்கை உடையவர். மூன்றாவது நான். ஒரு நிலக்கீழ் ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து டிக்கட் விற்றுக்கொண்டிருந்தேன். கலியாண வீடுகளில் பகிடி விடுகிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு இலக்கியத் தகுதி இருக்கவில்லை. ஆசிரியருக்கு அது போதுமாக இருந்தது. அதை வைத்தே அவருடைய தரத்தை நீங்கள் மட்டுக்கட்டலாம்.

ஆளுக்கு ஒரு மாதம், முறை வைத்து எழுத வேண்டும். மற்றவன் விட்ட இடத்திலிருந்து பிடிக்க வேண்டும். பெண்சாதி பிள்ளைக்குக்கூட வாய் திறக்கக் கூடாது. வீட்டுப் போனில் இதைப் பற்றிக் கதைக்கவும் தடை. ஆகவே வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆர்ச்வே கோயிலில், செருப்புக் கழற்றுகிற இடத்தில், எழுதி முடித்தவன் அடுத்தவனிடம் தாள்களைக் கொடுப்பான். வைரம் கடத்துகிறவன்கூட அப்படி நாலு பக்கமும் பார்த்திருக்க மாட்டான். மூன்று வளர்ந்த ஆம்பிளைகள், உள்ளே பூசை நடக்க, வெளியே ஒரு கிளியைக் கைமாற்றிக்கொண்டு நின்றோம்.

கதை எப்படிப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மாஸ்டரின் மாதத்தில் பிள்ளைகள் விடிய எழும்பி, குளித்து, வீபூதி பூசி, கள்ளன் நடந்த தூரத்தை வகுத்துப் பெருக்கி அவனுடைய உயரத்தைக் கண்டுபிடிப்பார்கள். தம்பியின் மாதத்தில் கள்ளன் நல்லவனாகிவிடுவான், பொருளைப் பறிகொடுத்த கடைக்காரர் கைதாவார், கிளி உட்பட எல்லோரும் ஊர்வலம் போவார்கள். என்னுடைய மாதத்தில் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். அதிலும் மாஸ்டர் சுத்த சைவம். மூத்த பெடியன் ஒரு மாதம் கத்தரிக்காய்க் குழம்பைத் தாண்டிக் கை வைக்க மாட்டான். எனக்கு முறை வந்ததும் கள்ளனைத் துரத்திக்கொண்டே ஆட்டிறைச்சி ரோல்ஸ் தின்பான்.

"உம்முடைய பிள்ளையள் தின்னிறதுக்கு இடையிலைதான் துப்பறியுதுகள்," என்று மாஸ்டர் ஒருநாள் செருப்பை மாட்டியபடி சொன்னார்.

உங்களுடைய பிள்ளைகள் துப்பறியும்போது எனக்கு நித்திரை வருகிறது மாஸ்டர் என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருஷமாவது எங்களுக்குள் தாள் மட்டும்தான் பரிமாறப்பட்டது.

இதையெல்லாம் விட்டுத் தொலைத்திருக்கலாம். விடாததற்குக் காரணம் என் மகள்.

அப்போது அவளுக்கு எட்டு ஒன்பது வயது. வாயில் ஆங்கிலம்தான், 'அப்பா', 'அம்மா' என்ற இரண்டும் மட்டும் தமிழ். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆனால் பத்திரிகை வந்தால், அழைக்காமலே வந்து குசினி மேசையில் இருந்து, விரலை வரியில் வைத்து மாமியை உரத்து வாசிப்பாள். படுக்கப் போகும்போது நான் கதை சொல்லிப் பார்த்ததுண்டு. பாதியில் நிற்பாட்டி, உங்களுக்குக் கதை சொல்ல வராது அப்பா, மாமியைத் திரும்ப ஒருக்கா வாசிப்போம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். எனக்குப் பெருமைப்படுவதா, கோவிப்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

பிறகு நான் மாமியைக் கெட்ட காரியங்களுக்குப் பாவிக்கத் தொடங்கினேன். மகள் தலையில் எண்ணெய் வைக்க விடமாட்டாள். அடுத்த எனது மாதத்தில் கதையில் வருகிற பெட்டையின் பின்னலைக் கள்ளன் எட்டிப் பிடிக்கிறான். எண்ணெய் வைத்த தலை, பின்னல் வழுக்கிவிடுகிறது. பத்திரிகை வந்த அன்று பின்னேரமே மகள் எண்ணெய்ப் போத்தலோடு தாயிடம் போய் நின்றாள். பாகற்காயையும் அப்படித்தான் தின்ன வைத்தேன். அந்த வீட்டில் என் சொல் செல்லுபடியானது சேலை கட்டியபோது மட்டும்தான். மாமி இல்லை, கொண்டைக்குக் கீழே இருக்கிறது அப்பன்தான் என்று தெரிந்தால், எண்ணெய் போகும், பாகற்காய் போகும், அதோடு அவள் வாசிக்கிற தமிழும் போகும். எனக்குத் தெரிந்த ஒரே கவலை அதுதான்.

அந்த நேரம் பார்த்துக் கிங்ஸ்பரியில் இருந்த எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடம், பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினராக மாமியை அழைத்தது. ஆசிரியர் எங்களைக் கேட்காமலே சம்மதித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கோயிலில் வந்து நல்ல செய்தி மாதிரிச் சொன்னார்.

"மறுத்தால் மாமி எண்டு ஒராள் இல்லையெண்டு நினைப்பினம்," என்றார்.

"இல்லைத்தானே அண்ணை," என்றார் தம்பி.

ஆசிரியர் அவரை ஒரு துரோகியைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

என்னுடைய நிலைமையைச் சொல்கிறேன்; சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். தெற்கே மோர்டன் போகக் கேட்டவருக்கு வடக்கே ஹை பார்னெட் டிக்கட் வெட்டிக் கொடுத்தேன். அவர் திரும்பி வந்து திட்டியபோது, 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொன்னேன். அது மகளிடம் சொல்வதற்காக நான் பழகி வைத்திருந்த வசனம். இடம் மாறி வந்துவிட்டது. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் முகத்தை அப்பாவியாக வைத்துப் பார்த்தேன். யாரோடு கதைக்கிறீர்கள் என்று மனிசி கதவைத் தட்டினா. கடைசியில் மீசையை வழித்தேன். ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் விளக்கம் இல்லை. மீசை இல்லாவிட்டால் மகளுக்கு நான்தான் மாமி என்று பிடிபடாது என்று ஒரு மூளை யோசித்தது. அந்த மூளையோடுதான் நான் அரசாங்க வேலை பார்த்தேன். மீசை எங்கே என்று மகள் கேட்டாள். வெக்கையாக இருந்தது என்றேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

ஆசிரியரின் மிச்சம் வீட்டு முன்னறையில் கூட்டம் போட்டோம். மாமியை மரியாதையாகச் சாகவிடுவதே வழி என்றார் மாஸ்டர். சும்மா சொல்லவில்லை, செத்தவரைப் புகழ்ந்து அந்தியேட்டிச் சடங்கில் பாடுகிற கல்வெட்டு மாதிரி மாமிக்கு நாலு வெண்பா எழுதியும் கொண்டு வந்திருந்தார். அதில் மாமி கணிதத்தில் வல்லவர் என்று இருந்தது. தம்பி எழும்பி, பிள்ளைகளுக்கு உண்மையைச் சொல்வோம், கூட்டு உழைப்பு என்றால் என்ன என்று அவர்கள் படிக்கட்டும் என்றார். நான் அந்த முன்னறைக் கம்பளத்தில் அவருடைய காலில் விழப் பார்த்தேன். ஆசிரியர் தன் மனிசியையே மாமியாக மேடையில் ஏற்றலாம் என்றார். அவ மூலை மேசையில் அடுத்த இதழைப் பிரதி பண்ணிக்கொண்டிருந்தா. தலை நிமிரவில்லை.

"உங்கட பேப்பருக்குக் கையைத் தந்தது காணும்," என்றா. "மூஞ்சியைத் தர ஏலாது."

பிறகு, எங்கள் நாலு பேருடைய மூளையும் வற்றிப் போனதைப் பார்த்துப் பரிதாபப்பட்டோ என்னவோ, அவவே ஒரு ஆளைச் சொன்னா. வீட்டில் வைத்துச் சேலை விற்கிற ஒரு அக்கா. வாயாலேயே ஆளை மடக்கி இரண்டு சேலை கட்டிக் கொடுத்து அனுப்பக்கூடியவ. கேட்டவுடன் அவ ஓம் என்றா. பட்டுச்சேலையோடு மேடை ஏற ஒரு சபை கிடைத்தால் விளம்பரம்தானே. படித்துக்கொண்டு வாருங்கள் என்று பழைய இதழ்களைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவ அந்தக் கட்டைச் சேலைப் பெட்டிக்கு மேலே வைத்தா. அது அங்கேயே இருந்தது.

"பிள்ளையளை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் மூண்டு பேரும் பயப்பிடாமல் வாங்கோ," என்றா.

பரிசளிப்பு விழாவில் என்ன நடக்கும் என்று தெரியாதவர்கள் பாக்கியசாலிகள். பேச வந்த ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தையில் முடிக்கிறேன் என்று தொடங்கினார்கள். பள்ளிக்கூட மண்டபத்தின் சூடாக்கி வேலை செய்யவில்லை. தமிழ் மெல்லச் சாகிறது என்று ஒருவர் நெடுநேரம் பேசியதில் முன்வரிசையில் இரண்டு பேர் முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் போல, பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். ஆசிரியர் மேடையில். மகள் முன்னால், சினேகிதிகளோடு.

சேலைக்கார அக்கா வந்தா. மாம்பழ மஞ்சளில் பட்டு. கொண்டையில் பூ. பொய்க் கண்ணாடி. சபை தன்பாட்டில் எழும்பி நின்றது. நானும் நின்றேன். மாமியை முதன்முதலாக நேரில் பார்த்ததில் எனக்கே ஒருமாதிரியாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் கேள்வி கேட்கலாம் என்றார்கள். ஒரு பெடியன் எழும்பி, உங்கள் கிளிக்கு ஒரு மாதம் ஆங்கிலம் தெரிகிறது, அடுத்த மாதம் தெரியவில்லை, ஏன் என்று கேட்டான். எனக்கு வியர்த்தது. கிளிக்கு ஆங்கிலம் படிப்பித்தவன் நான்.

"உனக்கு இங்கிலிஸ் பள்ளிக்கூடத்திலை தமிழ் தெரியுமோ?" என்று அக்கா கேட்டா. அவன் இல்லை என்று தலையாட்டினான். "வீட்டிலை தெரியும்தானே? கிளியும் அப்பிடித்தான்."

சபை கைதட்டியது. எழுதின நாங்கள் மூன்று பேரும் இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வசனம் எழுதியதில்லை.

அடுத்ததாக என் மகள் எழும்பினாள். நான் குனிந்து சப்பாத்து லேஸ் கட்டினேன். நான் அன்று போட்டிருந்தது லேஸ் இல்லாத சப்பாத்து.

"நீங்கள் எந்த மாமி?"

அக்கா ஆசிரியரைத் திரும்பிப் பார்த்தா. கேள்வி விளங்கவில்லை என்று நினைத்து மகள் ஆங்கிலத்துக்கு மாறி விளக்கினாள். மாமிகள் மூன்று பேர் இருக்கிறார்கள்தானே. படிப்பு மாமி, சண்டை மாமி, பசி மாமி. வந்திருப்பது யார்? அவளுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் எல்லோரும், இதில் என்ன அதிசயம் என்பது போலத் தலையாட்டினார்கள். எங்களுடைய பெரிய ரகசியம் அந்தப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டு இடைவேளையில் எப்போதோ பங்கு பிரிக்கப்பட்டிருந்தது. ஆசிரியரின் முகம் அவருடைய மைத்துனர் கீறிய படம் மாதிரி அசையாமல் இருந்தது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டா.

"நான் இண்டைக்கு வந்த மாமி, அம்மாச்சி."

பிள்ளைகளுக்கு அது போதுமாக இருந்தது. நாலாவது மாமி. கைதட்டினார்கள். மகளும் திருப்தியாக இருந்துவிட்டாள். அன்று அந்த அக்கா எத்தனை சேலை விற்றா என்று நான் விசாரிக்கவில்லை.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், ஒன்றும் தெரியாதவன் போல மகளிடம் கேட்டேன்: எந்த மாமி நல்ல மாமி? யோசிக்காமல் படிப்பு மாமி என்றாள். அவவுடைய துப்புகள் சரியாக இருக்குமாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கள்ளன் யார் என்று எங்களுக்கும் வருமாம். எனக்கு மாஸ்டர் மீது இருந்த வெறுப்பு அன்றைக்குத்தான் முழுமையடைந்தது. சண்டை மாமியும் பரவாயில்லை, ஓட்டம் இருக்கும். பசி மாமி?

பசி மாமிக்குக் கள்ளனைப் பிடிக்கத் தெரியாதாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கள்ளன் தானாகவே வந்து அம்பிடுவானாம். அவ குண்டாக இருப்பா என்று பிள்ளைகள் எல்லோரும் நினைக்கிறார்களாம்.

பஸ் நிற்கும்வரை நான் வயிற்றை எக்கிக்கொண்டிருந்தேன்.

வீடு வந்து சேர்ந்ததும் இரண்டாவது பயம் பிடித்தது. மூன்று பேரைச் சாப்பாட்டை வைத்துப் பிரிக்கத் தெரிந்தவளுக்கு, முன்னால் இருந்து ரோல்ஸ் தின்கிறவனைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் செல்லும்? அன்றிலிருந்து மகளுக்கு முன்னால் ரோல்ஸைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமைகளில் மனிசி பொரித்துக் கோப்பையில் அடுக்கி வைப்பா. வேண்டாம், வயிறு சரியில்லை என்று வெறும் தேத்தண்ணியோடு இருப்பேன். மனிசி என்னை டொக்டரிடம் போகச் சொன்னா.

என் முறை வந்தபோது, துளிச் சாப்பாடு இல்லாத ஒரு அத்தியாயம் எழுதினேன். பிள்ளைகள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. கோயிலில் மாஸ்டர் அதை நின்ற நிலையில் வாசித்து, இத்தனை காலத்தில் முதல்தடவையாக, "இப்பதான் நீர் எழுதுறீர்," என்றார். அந்தக் கணமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

பத்திரிகை வந்தது. மகள் மேசையில் இருந்து வாசித்தாள். பாதிக்கு மேல் குரல் மெதுவாகி, பிறகு நின்றது. இது பசி மாமி இல்லை, யாரோ புது ஆள் என்றாள். நல்லதோ என்றேன். இல்லை என்றாள். பசி மாமி கனடாவுக்குப் போய்விட்டாவா என்று கேட்டாள். லண்டனில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்கும் ஒரு ஆள் காணாமல் போனால் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்திருந்தது. கடைசிப் பக்கத்தை முடிக்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, நூலகத்திலிருந்து எடுத்த ஒரு குதிரைக்காரப் பெட்டையின் ஆங்கிலக் கதையை விரித்தாள். அதை எழுதியதும் எத்தனை மீசையோ.

அடுத்த மாதம் பத்திரிகை வந்தபோது அவள் மேசைக்கு வரவில்லை. கூப்பிட்டேன். பிறகு என்றாள்.

நான் பெற்றோல் ஸ்டேஷனுக்கே போய்த் தம்பியைக் கண்டு, அவருடைய முறையை எனக்குத் தரச் சொல்லிக் கெஞ்சினேன். ஏன் என்று கேட்டார். ஒரு தொழிலாளியின் வயிற்றுப் பிரச்சினை என்றேன். கொள்கைக்காரர்; தந்துவிட்டார். அன்றைக்கு எழுதிய அத்தியாயத்தில் முதல் பந்தி முடிவதற்குள் ரோல்ஸ் வந்துவிட்டது. ஒரு கோப்பை நிறைய. கிளிக்கும் ஒன்று கொடுத்தேன்.

அந்தப் பத்திரிகை ஒரு சனிக்கிழமை வந்தது. மனிசி வழக்கம்போலப் பொரித்து வைத்திருந்தா. எனக்கு முன்னால் வெறும் தேத்தண்ணி. மாமி வந்திருக்கிறா, பார்க்கவில்லையா என்று அந்தப் பக்கம் பார்த்துச் சொன்னேன். மகள் வந்து, விருப்பமில்லாமல் விரலை வரியில் வைத்தாள். எழுத்துக்கூட்டிக்கொண்டே வந்தவள் ரோல்ஸ் என்ற இடத்தில் நின்றாள். சிரிக்கவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. விரலை வரியிலிருந்து எடுக்காமல், மற்றக் கையால் ரோல்ஸ் கோப்பையை என் பக்கம் தள்ளினாள்.

"இனி நீங்களும் சாப்பிடலாம் அப்பா," என்றாள். தமிழில்.

பிறகு விட்ட இடத்திலிருந்து உரத்து வாசித்தாள். நான் ஒரு ரோல்ஸை எடுத்தேன். கதையில் கள்ளன் தானாகவே வந்து அம்பிட்டான்.